மிதி துடித்தால் காலை எடுக்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மழை கொட்டும்போது காலி வீதியில் வந்துகொண்டிருந்தாராம். முன்னால் சென்ற முச்சக்கர வண்டி சட்டென்று திரும்ப, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்திருக்கிறார். காலுக்கடியில் மிதி படபடவென்று துடித்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிரேக் உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிட்டார். நல்லவேளையாக எதுவும் மோதவில்லை. "என்ன பழுது?" என்று கேட்கிறார்.

பழுது ஒன்றும் இல்லை. அந்தத் துடிப்புத்தான் ஏபிஎஸ். சில்லு இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அது.

சில்லு நின்றால் வாகனமும் நிற்கத்தானே வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கார் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலும், உருளும் டயரில் வீதியைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் ஏறக்குறைய அசையாமல்தான் இருக்கிறது. சில்லு இறுகியதும் அந்தப் பிடி விட்டுப்போய், இறப்பர் வீதியில் தேய்ந்து வழுக்கத் தொடங்கும். நிலை உராய்வை விட வழுக்கும்போது உண்டாகும் உராய்வு குறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சில்லு காரின் வேகத்தை விட 10 முதல் 20 சதவீதம் வரை மெதுவாகச் சுழலும்போதுதான் பிடி உச்சத்தில் இருக்கும்.

ஆனால் என்னை மயக்குவது அதுவல்ல. வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுக் கார் ஒன்றை எடுங்கள். முன்சில்லுகள் இரண்டும் சுற்றாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டி, சரிவாகப் பிடித்த பலகையில் விடுங்கள். நேராக வழுக்கி இறங்கும். இப்போது நாடாவை உரித்துப் பின்சில்லுகளுக்கு ஒட்டிவிடுங்கள். கார் பாதி வழியில் சுழன்று, பின்பக்கம் முன்னே வர இறங்கும்! நான் இதைப் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

உருளும் சில்லு முன்னோக்கி இலகுவாக ஓடும், பக்கவாட்டில் நகர மறுக்கும். அந்த மறுப்புத்தான் ஸ்டியரிங்கின் உயிர். வழுக்கும் சில்லுக்கோ திசையே கிடையாது. அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும், உராய்வு வழுக்கும் திசைக்கு நேர் எதிராகவே இழுக்கும். அதனால் முன்சில்லு இறுகிய பிறகு ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே போகும். பின்சில்லு இறுகினால் வாலுக்குப் பிடிமானம் போய், தலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, கார் சுழன்றுவிடும். ஆக, ஏபிஎஸ் காப்பாற்றுவது முதலில் திருப்பும் ஆற்றலைத்தான்.

சில்லு இறுகப்போவது அதற்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு சில்லோடும் சேர்ந்து சுற்றும் பல்வளையத்தை ஓர் உணரி கவனித்தபடி இருக்கிறது. டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு, ஒரு கார் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. சில்லு அதையும் மீறித் திடீரென்று மெதுவானால், அது காரோடு சேர்ந்து மெதுவாகவில்லை, தனியாக இறுகுகிறது என்று பொருள். உடனே கணினி வால்வைத் திறந்து அந்தச் சில்லின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும், சில்லு உருளத் தொடங்கியதும் திரும்ப ஏற்றும். இது ஒரு வினாடிக்குள் பல தடவை நடக்கும். பம்பு திரவத்தைத் திருப்பித் தள்ளும் அதிர்வுதான் வாசகியின் காலுக்குக் கேட்டது. 1950களில் விமானங்களில் பரவலாகப் பயன்படத் தொடங்கிய யோசனை இது; 1978இல் பொஷ் நிறுவனம் இதன் மின்னணு வடிவத்தை மெர்சிடிஸ் காரில் கொண்டுவந்தது.

ஏபிஎஸ் இல்லாத காரில் விட்டு விட்டு மிதிக்கச் சொன்ன பழைய சாரதிகளின் அறிவுரை சரியே. ஏபிஎஸ் உள்ள காரில் அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, இடையூறிலிருந்து விலகத் திருப்புங்கள். சரளைக் கல் போன்ற இளகிய தரையில் நிற்கும் தூரம் கூடலாம். டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் இந்தப் பாதுகாப்பு இராது; கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

இல்லாத உராய்வை ஏபிஎஸ் உண்டாக்காது. 60 கிலோமீற்றர் வேகத்தில் காய்ந்த வீதியில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 18 மீற்றரில் நிற்கும் கார், உராய்வு பாதியாகும் ஈர வீதியில் 35 மீற்றர் எடுக்கும். கால் மிதிக்குப் போக ஆகும் ஒரு வினாடியில் இன்னும் 17 மீற்றர் போய்விடும். மியூனிச் நகர டாக்சிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஏபிஎஸ் பொருத்தியவர்கள் அந்த நம்பிக்கையில் இன்னும் துணிச்சலாக ஓட்டினார்கள். விபத்துகள் குறிப்பிடும்படி குறையவில்லை.

புது வாகனத்தின் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்குவதை நான் தடுக்கமாட்டேன். அம்மா சொன்னால் நானும் வைப்பேன். குனிகிற அந்த நேரத்தில் டயரின் தவாளிப்புகள் தேய்ந்திருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாமே? மழைநீரை வெளியேற்றுவது அவைதான், தேசிக்காய் அல்ல.

வாசகிக்கு ஒன்று. விடியற்காலையில், ஆளும் வாகனமும் இல்லாத ஈரமான திடலொன்றில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு தடவை முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அந்தத் துடிப்பு காலுக்குப் பழகிவிடும். பின் இருக்கையில் தேங்காய் மூட்டை இருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள்.