இது எந்த ஊர் அண்ணாநகர்?

“பூட்டுப் படம் இருந்துச்சே தம்பி. அதைப் பார்த்துட்டுத்தானே நம்பரைப் போட்டேன்.”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். பென்ஷன் வேலையாக எங்கள் பிரவுசிங் சென்டருக்கு அடிக்கடி வருவார். கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று போனுக்கு ஒரு மெசேஜ். அதிலிருந்த லிங்க்கைத் தொட்டு, கார்டு நம்பர், ஓடிபி எல்லாம் போட்டிருக்கிறார். 8,000 ரூபாய் போய்விட்டது.

படிப்பில் குறை இல்லை. வெப் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் அந்தப் பூட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சர்வர். ‘சர்வர் டவுன்’ என்று ரேஷன் கடையில்கூடக் கேட்டிருப்பீர்கள். ஹோட்டல் சர்வர் மாதிரிதான்: நாம் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும், எங்கோ ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், நம் போனுக்கும் அந்தச் சர்வருக்கும் நடுவே போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. டீக்கடை வைஃபையில் உட்கார்ந்திருந்தாலும் சரி. பூட்டு சொல்வது இதை மட்டும்தான். அந்தப் பக்கம் இருப்பவனே திருடன் என்றால், நம் கார்டு நம்பர் பத்திரமாகத் திருடனிடம் போய்ச் சேரும்! இந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மோசடிக்காரர்களும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பூட்டை மக்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2023இல் குரோம் அந்தப் படத்தையே மாற்றிவிட்டது.

அப்புறம் எதைப் பார்ப்பது? பெயரை. அதாவது டொமைனை.

நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு உண்மையில் எண்கள்தான். அதுதான் ஐபி அட்ரஸ். போனில் ‘அம்மா’ என்று சேமித்துவிட்டு நம்பரை மறந்துவிடுகிறோம் இல்லையா, அதுபோல எண்ணுக்குப் பதில் பெயரைச் சொன்னால் போதும் என்ற ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார்.

இந்தப் பெயரைத்தான் பெரும்பாலானவர்கள் தப்பான முனையிலிருந்து படிக்கிறார்கள். தபால் கவரை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாநகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. கவர் எந்த ஊருக்குப் போகும் என்பது கடைசி வரியில் இருக்கிறது. வெப் முகவரியிலும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டுங்கள். அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு வரைதான் பெயர். அதில் புள்ளி வைத்துப் பிரித்த கடைசித் துண்டுகள்தான் ஊர். அவற்றுக்கு இடது பக்கம் டொமைனை வாங்கியவன் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சாருக்கு வந்த லிங்க்கில் மின்வாரியத்தின் பெயர் முன்னால் ஜம்மென்று இருந்தது. கடைசியில் இருந்ததோ, கேள்விப்படாத ஒரு பெயரும் டாட் எக்ஸ்ஒய்இசட்டும்.

டாட் காம், டாட் இன், டாட் ஆர்க் எல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் ஜிஓவி டாட் இன் மட்டும் அரசு அமைப்புகளுக்குத்தான். வங்கிகளையும் ரிசர்வ் வங்கி 2025இல், வங்கிகளுக்கு மட்டுமேயான டாட் பேங்க் டாட் இன்னுக்கு மாறச் சொல்லிவிட்டது. நல்ல காரியம், எனக்கு விளக்குவது பாதியாகக் குறைந்தது.

கூகுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கூகுள்ல போய்க் கட்டினேன்’ என்பார்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரிப் பக்கத்தைத் திறந்து காட்டுவது பிரவுசர். கூகுள் தேடித் தரும் இடம். தேடியதும் மேலே வருவதில் விளம்பரமும் உண்டு, காசு கொடுத்து ஏறியது. சின்ன எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும். கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

குக்கீஸ் என்ன என்று கேட்பவர்கள் பயந்துகொண்டேதான் கேட்கிறார்கள். நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு வெப்சைட் நம் பிரவுசரில் விட்டுப்போகும் சீட்டு அது. எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ அமுக்க வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால், நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. சார் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று நாள் கழித்துத்தான் என்னிடமே சொன்னார்.

போன வாரம் மறுபடி வந்தார். கூரியர் வந்திருப்பதாக ஏதோ மெசேஜ். லிங்க்கைத் தொடாமல் போனை அப்படியே என் மேசையில் வைத்தார்.

“தம்பி, இது எந்த ஊரு அண்ணாநகர்?”