குடோன் வேலையா? வருடத்துக்கு ஒருமுறை பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்

செங்குன்றம், மாதவரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் குடோன்கள் வரிசையாக எழும்பிவிட்டன. ஆயுத பூஜைக்கு முன்னாலேயே பேக்கிங், ஸ்கேனிங் என்று ஆள் எடுக்கிறார்கள், தீபாவளி முடிந்ததும் பலரை நிறுத்திவிடுகிறார்கள். சரி, போன வருடத்தைவிட இந்த வருடம் கிடங்குகளில் எத்தனை வேலை கூடியது, எத்தனை குறைந்தது என்று அரசுக் கணக்கில் தேடினால் நேராக ஒரு எண் கிடைப்பது கஷ்டம். அதற்கான பெரிய காரணமும் குடோன் தொழிலாளியின் பென்ஷன் தவறிப்போகும் காரணமும் ஒன்றுதான்: கான்ட்ராக்டர்.

2008-ம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் கிடங்கு வேலைக்கு 521 என்று தனி எண்ணே இருக்கிறது. ஆனால் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் குளிர்பதனக் கிடங்கு வரும், சாதாரண குடோன் வராது. வீடு வீடாகப் போய் எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பின் முக்கிய அட்டவணைகளிலோ கிடங்கைப் போக்குவரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது, பி.எஃப். நிறுவனம் 2018 முதல் மாதாமாதம் வெளியிடும் விவரம். புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர், திரும்பி வந்தவர் எல்லாம் அதில் தொழில்வாரியாக உண்டு. ஆனால் யார் பெயரில் பி.எஃப். கட்டப்படுகிறதோ அந்த நிறுவனத்தின் தொழில்தான் அங்கே கணக்கு. ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் கட்டினால், நாள் முழுக்க குடோனில் பெட்டி அடுக்குகிறவரும் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்களோடு 'எக்ஸ்பர்ட் சர்வீசஸ்' என்ற தலைப்புக்குள் போய்விடுவார். கிடங்கில் ஆள் கூடியது அங்கே கிடங்காகத் தெரியாது.

இப்போது உங்கள் பாஸ்புக். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஒரே குடோனில், ஒரே ஷிப்டில் நாலு வருடம் பேக்கிங் பார்த்தார். அதற்குள் கான்ட்ராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். பார்த்தால் அவருக்கு இரண்டு யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாமல் ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய பி.எஃப். எண்), நடுவில் ஐந்து மாதம் வெறும் காலி. சம்பள ரசீதில் அந்த ஐந்து மாதமும் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள்! ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அவரால் கேட்கவே முடிந்தது.

பாஸ்புக்கை உமாங் செயலியிலோ பி.எஃப். இணையதளத்திலோ பார்க்கலாம். பதிவு செய்த மொபைலிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் எஸ்.எம்.எஸ்-ல் வரும், ஆனால் விட்டுப்போன மாதம் பாஸ்புக்கில்தான் தெரியும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால் மாதம் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: உங்கள் பங்கு 1,440, முதலாளி பங்கு 440, பென்ஷனுக்கு 1,000. முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போவதால்தான் அவர் பங்கு சின்னதாகத் தெரிகிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாதம் விட்டுப்போயிருந்தால்தான் விஷயம்.

அப்புறம், வேலை நின்ற கையோடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடாதீர்கள். மாதப் பென்ஷனுக்கு மொத்தம் 10 வருடச் சேவை வேண்டும், எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் அதோடு போச்சு. கான்ட்ராக்டர் மாறினால் பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிது போட விடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு இருந்தால் பழையதிலிருந்து புதியதற்கு ஆன்லைனிலேயே மாற்றக் கேட்கலாம். பழைய கான்ட்ராக்டர் விலகிய தேதியைப் போடாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கான்ட்ராக்டர் கட்டாமல் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் பி.எஃப். கட்டும் பொறுப்பு கடைசியில் முதன்மை முதலாளியுடையது, அதாவது குடோனை நடத்தும் கம்பெனியுடையது. அதனால் பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் கொடுக்கும்போது கான்ட்ராக்டர் பெயரோடு நிறுத்தாமல் குடோன் கம்பெனியின் பெயர், முகவரி, நீங்கள் வேலை பார்த்த மாதங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பள ரசீது, கேட் பாஸ், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட் மூன்றையும் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.