சக்கரம் சுற்றிய எலியும் கோர்ட்டுக்குப் போன மருந்துச் சீட்டும்

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் தம்பிக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. அடுத்த சில வாரங்களிலேயே தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை, போன் அடித்தால் கை நடுங்கியது. மனநல மருத்துவர் சீட்டில் 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்' என்று எழுதி, கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரையும் கவுன்சலிங்கும் சொன்னாராம். இப்போது குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சீட்டைக் காட்டி "மனநோயாளி" என்கிறார். "இது பைத்தியமா சார்? கோர்ட்டில் இது நிற்குமா?"

பைத்தியம் இல்லை. கோர்ட்டில் நிற்குமா என்பதற்கு, எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

தகவமைவுக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் 1980இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இந்தப் பெயர் இருக்கிறது. வேலை இழப்பு, மணமுறிவு, கடன், பெரிய வியாதி என்று அடையாளம் காட்டக்கூடிய ஒரு நெருக்கடி இருக்க வேண்டும். அது தொடங்கி 3 மாதத்துக்குள் அறிகுறிகள் வர வேண்டும். நெருக்கடியும் அதன் விளைவுகளும் ஓய்ந்தபின் 6 மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 இன்னொன்றையும் கேட்கிறது: மனம் அந்த நெருக்கடியையே ஓயாமல் சுற்றிச்சுற்றி வர வேண்டும். முழு மனச்சோர்வு நோய்க்கான அளவுகோல் பொருந்திவிட்டால் இந்தப் பெயர் கிடையாது. இயல்பான துக்கத்துக்கும் கிடையாது.

டி.எஸ்.எம்.மில் பெரும்பாலான நோய்கள் அறிகுறிகளை மட்டுமே வைத்து வரையறுக்கப்பட்டவை. ஏன் வந்தது என்று அது கேட்பதே இல்லை. இங்கே காரணம் வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வக்கீல்கள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்பது இதற்குள் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு நிகழ்ச்சி எப்படி நோயாகிறது? பள்ளியில் படித்த பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்ல, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். ஏறிய கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும்" என்று சொல்லும். ஆட்குறைப்புக் கடிதம் வாங்கிய அத்தனை பேருக்கும் இது நடக்கிறது. அப்படியிருந்தும் ஒருவர் மட்டும் ஏன் படுத்த படுக்கையாகிறார்? அதற்கு இந்தச் சங்கிலியில் பதில் இல்லை.

எனக்குப் பிடித்த பதில் எலிகளிடம் இருக்கிறது. இரண்டு எலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வாலிலும் மின்கம்பி, இரண்டுக்கும் முன்னால் ஒரு சின்னச் சக்கரம். ஷாக் வரும்போது முதல் எலி சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு எலிகளுக்கும் ஷாக் நின்றுவிடும். இரண்டாவது எலியின் சக்கரம் வெறும் பொம்மை. எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. ஆக இரண்டும் வாங்குவது ஒரே ஷாக், ஒரே வலு, ஒரே நேரம். மறுநாள் இரண்டையும் எளிதாகத் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டால், முதல் எலி ஷாக்கே வாங்காத எலியைப்போல் ஓடித் தப்பிக்கிறது. இரண்டாவது அப்படியே உட்கார்ந்து அடி வாங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் நாய்களிடம் இதைக் கண்டபோது, "என்ன செய்தாலும் பயனில்லை" என்று விலங்கு கற்றுக்கொள்கிறது என விளக்கினார்கள். உலகமே ஏற்றுக்கொண்ட விளக்கம். மையர் பிறகு மூளைக்குள் போய்ப் பார்த்தார். மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்று, செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் கொத்து ஒன்று உண்டு. அடி தொடர்ந்து விழுந்தால் அது தானாகவே கொந்தளிக்கிறது, உடம்பு முடங்குகிறது. இதைக் கற்கவே வேண்டியதில்லை, முடங்குவதுதான் இயல்புநிலை. கற்க வேண்டியது அதன் எதிர்ப்பக்கம். "நான் திருப்பினேன், நின்றது" என்பதை நெற்றிப்புற மூளையின் அடிநடுப் பகுதி கண்டுபிடித்து, கீழே இருக்கும் ராஃபேயை அடக்குகிறது.

2005இல் மையரின் குழு செய்த சோதனை இதை உறுதியாக்கியது. முதல் எலி சக்கரத்தைத் திருப்பும் நேரத்தில், அந்த நெற்றிப்புறப் பகுதியை மட்டும் மஸ்கிமால் என்ற மருந்தால் ஊமையாக்கினார்கள். எலி வழக்கம்போலச் சக்கரம் திருப்பியது, ஷாக்கும் நின்றது. ஆனால் மறுநாள் அது சக்கரம் வேலை செய்யாத எலியைப்போலவே முடங்கியது. கட்டுப்பாடு கையில் இருந்தும் மூளைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. 2016இல் செலிக்மனும் மையரும் சேர்ந்தே, ஐம்பது வருடம் முன்பு நாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். அறிவியலில் நான் ரசிக்கும் இடங்களில் இது ஒன்று.

எலியை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் அடியின் கனத்தைவிட அதன்மேல் நமக்குப் பிடி இருக்கிறதா என்பது பெரிது என்ற பாடம் மருத்துவமனையில் பயன்படுகிறது. இந்தக் கோளாறுக்கான கவுன்சலிங்கில் பாதி, பிரச்சினையைச் சின்னச் சின்னதாக உடைத்து, கைக்கு அடங்கும் ஒன்றை முதலில் செய்யவைப்பதுதான்.

இடையில் ஒரு விஷயம். வரையறையிலேயே ஆறு மாதக் கெடு உள்ள நோய் இது. ஒரு மண்டலம் விளக்குப் போட்டால் 48 நாளில் பலருக்குச் சுமாராகத் தேறியிருக்கும். புகழ் பரிகாரத்துக்கும் ஜோதிடருக்கும் போய்விடும். மாத்திரைக் கம்பெனியும் இதே கணக்கில் பேர் வாங்கலாம். மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய குழுவோடு ஒப்பிடாத எந்த வெற்றிக் கதையையும் இந்த நோயில் நம்பாதீர்கள். இவ்வளவு பேருக்கு எழுதப்படும் நோய்ப்பெயருக்கு ஒழுங்கான ஆய்வு இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், தானே சரியாகிவிடும் நோயில் யாரும் பணம் போட மாட்டார்கள் என்பதே என்பது என் அபிப்பிராயம். அரசாவது போட வேண்டும்.

இனிச் சட்டம். இந்து திருமணச் சட்டத்தின் 13(1)(iii) பிரிவு, மனநோய் இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. வழக்குப் போட்டவர் சேர்ந்து வாழ்வார் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாத வகையும் அளவும் கொண்டதாக அது இருக்க வேண்டும் என்கிறது. 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், மனச்சிதைவு என்ற பெயர் சூட்டுவதே போதாது, அளவை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனச்சிதைவுக்கே அந்த நிலை என்றால், ஆறு மாதத்தில் வடியக்கூடிய இதை வைத்து அந்தப் பிரிவில் விவாகரத்து வாங்குவது கடினம். வாசகி இந்தளவில் நிம்மதியாக இருக்கலாம்.

குற்ற வழக்கில் இதே சீட்டு குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உதவாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு: செய்யும் செயலின் தன்மையோ அது தவறு என்பதோ தெரியாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருக்க வேண்டும். வேலை போன கவலையில் இருப்பவருக்கு இரண்டும் நன்றாகவே தெரியும். மருத்துவர் சொல்லும் நோய் வேறு, சட்டம் கேட்கும் சித்தக் கலக்கம் வேறு என்பதை 2011இல் சுரேந்திர மிஸ்ரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் சட்டம் மருத்துவத்தை முந்திக்கொண்டு போகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே அனுமானிக்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சீட்டு தேவையில்லை; இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சிகிச்சை அளிப்பது அரசின் கடமை. இது வெறும் ஏட்டுச் சலுகை இல்லை. லேசான நோய் என்று பேர் எடுத்த தகவமைவுக் கோளாறிலும் தற்கொலை அபாயம் நிஜம். அப்படி எண்ணம் வருபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம்.

காரணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, சிக்கல் அங்கேதான். இழப்பீடோ, பணியிடத் துன்புறுத்தலோ, எந்த வழக்கானாலும் "இதனால்தான் அது" என்று காட்டுவதுதான் பெரும்பாடு. இந்த நோய்ப்பெயர் அதைக் கையில் கொடுத்துவிடுவதுபோலத் தெரியும். குறுக்கு விசாரணையில் மருத்துவரிடம் ஒரே கேள்வி வரும்: அந்தச் சம்பவம் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நோயாளி சொன்னார் என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இருக்காது. ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை, கார்ட்டிசால் அளவு எதையும் நிரூபிக்காது.

அதோடு ஆறு மாதக் கணக்கு, நெருக்கடி முடிந்த பிறகுதான் தொடங்கும். வழக்கே நெருக்கடியாகிவிட்டால்? வாய்தா மேல் வாய்தா விழும் வரை கடிகாரம் ஓடாது. நம்மால் எதையும் திருப்பி நிறுத்த முடியாத நெருக்கடிக்கு, குடும்பநல நீதிமன்றத்தின் வராந்தாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வாசகிக்கு நடைமுறையாக இரண்டு. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே போட்ட ஓ.பி. சீட்டு இருந்தால், தேதியோடு, ஆட்குறைப்புக் கடிதத்தையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்; பிறகு வாங்கும் சான்றிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தம்பிக்கு உரிமை தருகிறது. அவர் சம்மதமோ உரிய உத்தரவோ இல்லாமல் மருத்துவமனை அவற்றை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுக்க முடியாது. 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சீட்டு அந்த எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கு எப்படிப் போனது என்று உங்கள் வக்கீலை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.