பெர்ஸ்பெக்டிவ்: கண்ணோட்டமா, ஆழத்தோற்றமா?

"லியனார்டோ டா வின்சி வான்வழிக் கண்ணோட்டத்தைத் திறம்படக் கையாண்டார்." இந்த மாதிரி வாக்கியம் மறுபடியும் கண்ணில் பட்டது. 'ஏரியல் பெர்ஸ்பெக்டிவ்' என்பதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். மனிதர் ஹெலிகாப்டரில் ஏறி மிலான் நகரை வரைந்தாரோ என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

பெர்ஸ்பெக்டிவ் லத்தீன் வழி வந்த சொல். 'ஊடாகப் பார்த்தல்' என்பது வேர்ப்பொருள். இடைக்காலத்தில் ஒளியியலுக்கே அதுதான் பெயர். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் கட்டடக்கலைஞர் புருனெலெஸ்கி செய்துகாட்டி, 1435இல் அறிஞர் ஆல்பெர்ட்டி விதிகளாக எழுதியபின் ஓவியர்களின் சொல்லாயிற்று: தட்டையான பரப்பில் ஆழம் தெரியும்படி வரையும் முறை.

இதற்குப் போய்க் கண்ணோட்டம் என்கிறார்கள். திருக்குறளில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். இன்றைய வழக்கில் ஒரு விஷயத்தைப் பற்றிய பார்வை. இரண்டுமே மனம் சார்ந்தவை. ஓவியர் செய்தது அளவுகோல் வேலை. ஃப்ளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் ஓவியர் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த 'திரித்துவம்' ஓவியத்தில், வளைகூரைக்காக ஈரச் சாந்தில் கீறிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. லியனார்டோவின் 'கடைசி இராவுணவு' ஓவியத்தில் இயேசுவின் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த துளை இருக்கிறது. உத்தரக் கோடுகளெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. 'மசாச்சோவின் கண்ணோட்டம்' என்று எழுதினால், கடவுளைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்றல்லவா வாசகர் தேடுவார்?

ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்பார்கள். சரி, ஆனால் அங்கே ஓவியப் பொருள் முந்தியது, கருத்துப் பொருள் அதிலிருந்து கிளைத்தது. நாம் கிளையின் பெயரைக் கொண்டுவந்து வேருக்குச் சூட்டுகிறோம். கலைச்சொல் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

'ஊடுநோக்கு' வேருக்கு நெருக்கம், ஆனால் எக்ஸ்ரே நினைவுக்கு வருகிறது. 'தொலைநோக்கு' ஏற்கெனவே அரசுத் திட்டங்களுக்குப் போய்விட்டது. 'முப்பரிமாணம்' சிற்பத்துக்குச் சரி. என் தேர்வு ஆழத்தோற்றம். விளக்கம் கேட்காமலே புரியும்.

அப்புறம் அந்த 'வான்வழி'. லியனார்டோ சொன்னது நடுவில் கிடக்கும் காற்றைப் பற்றி. தூரம் கூடக் கூட மலை நீலம் பூக்கிறது, விளிம்பு மங்குகிறது, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. மோனா லிசாவின் தோளுக்குப் பின்னால் பாருங்கள்: கீழே பாதை பழுப்பு, மேலே போகப்போக மலைகள் நீலப்பச்சையில் கரைகின்றன. கோடு போட்டுக் காட்டும் ஆழத்தை இங்கே நிறம் காட்டுகிறது. ஆகவே முன்னதைக் கோட்டு ஆழத்தோற்றம், பின்னதை வளி ஆழத்தோற்றம் என்று சொல்லலாம். காற்றுக்கு 'வளி' இருக்க, எதற்கு 'வான்வழி'? 'வளி'யை 'வழி'யாக்கி, 'வான்' கூட்டி விமானம் ஏற்றிவிட்டார்கள்.