ரகசியத்தைத் திறக்காமலே சரிபார்ப்பது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “உளவு அமைப்பு செய்வதையெல்லாம் நாடாளுமன்றத்தில் சொன்னால் அது ரகசியமாக இருக்காது. சொல்லாவிட்டால் அதைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. இதற்கு வழிதான் என்ன?” சட்டம் படித்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பதில் கணிதத்தில் இருக்கிறது. அதை ஒரு கடித உறையிலிருந்து தொடங்குகிறேன்.

2003 ஜூலை 17. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவுக்குத் துணைத் தலைவராக இருந்த ஜே ராக்கஃபெல்லர், துணை அதிபர் டிக் சேனிக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒட்டுக்கேட்கும் திட்டம் ஒன்றைப் பற்றி அன்றுதான் அவருக்கும் வேறு சிலருக்கும் வாய்மொழியாக விளக்கம் தரப்பட்டிருந்தது. கேட்டதைத் தன் அலுவலர்களிடம் சொல்ல முடியாது. வழக்கறிஞர் யாரிடமும் ஆலோசிக்கவும் முடியாது. தான் தொழில்நுட்ப வல்லுநரும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல, இந்த நிலையில் இத்திட்டத்தை முழுதாக மதிப்பிடவே தன்னால் இயலவில்லை என்று எழுதினார். கடைசி வரிகளில் ஒரு காரியம் செய்தார். இக்கடிதத்தின் பிரதி ஒன்றை உறையிலிட்டு ஒட்டி, குழுவின் பாதுகாக்கப்பட்ட அறையில் வைக்கிறேன், இப்படி எழுதினேன் என்பதற்கு அது பதிவாக இருக்கட்டும் என்றார். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அத்திட்டத்தை அம்பலப்படுத்திய சில நாட்களில் அந்தக் கடிதம் வெளியே வந்தது.

அவருடைய உறை இரண்டு வேலை செய்தது. உள்ளே இருப்பதை மறைத்தது. உள்ளே இருப்பதைப் பின்னால் யாரும் மாற்றி எழுத முடியாதபடியும் பார்த்துக்கொண்டது. செய்திகளை மறைத்துக் காக்கும் கணிதமான மறையியலில் இந்த இரட்டைக் குணத்துக்குத் தனிப் பெயரே உண்டு. நாம் அதை ‘வாக்குப்பூட்டு’ என்று வைத்துக்கொள்வோம்.

விஞ்ஞானிகளுக்கு இது பழைய பழக்கம். 1610-இல் சனிக்கோளைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோ, தான் கண்டதைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுக் கெப்ளருக்கு அனுப்பினார். 1676-இல் ராபர்ட் ஹூக் தன் சுருள்வில் விதியை இப்படியே எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து விடையைச் சொன்னார். கண்டுபிடிப்பை இன்னும் சொல்லவில்லை, ஆனால் முதலில் கண்டது நான்தான் என்பதற்கு அத்தாட்சி.

கலைத்துப்போட்ட எழுத்துகளை யாராவது சேர்த்துப் படித்துவிடலாம், உறையை யாராவது பிரித்து மீண்டும் ஒட்டலாம். இன்று நம்மிடம் இருப்பது ஹாஷ். ஒரு கோப்பை எடுத்துக் கூழாக அரைத்து, அதிலிருந்து எப்போதும் ஒரே நீளமுள்ள ஒரு குறியீட்டைப் பிழிந்து தரும் கணக்குமுறை. பரவலாகப் பயன்படும் எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து நீளம். ஒரு வரிக் குறிப்பு கொடுத்தாலும் 64, நூறு பக்க அறிக்கை கொடுத்தாலும் 64. இதைக் கோப்பின் கைரேகை என்று சொன்னால் தவறில்லை.

கணினியில் ஒரு தமிழ் வாக்கியத்துக்குக் கைரேகை எடுங்கள். அப்புறம் அதில் ஒரே ஒரு மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. 64 இடங்களில் சராசரியாக 4 இடங்கள் ஒத்துப்போகலாம், அதுவும் வெறும் தற்செயல். கோப்பிலிருந்து கைரேகை எடுப்பது ஒரு நொடி வேலை. கைரேகையிலிருந்து கோப்புக்குத் திரும்ப இதுவரை எவருக்கும் வழி தெரியாது. ஒரே கைரேகை வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளை எஸ்எச்ஏ-256-இல் இன்றுவரை ஒருவரும் காட்டியதில்லை. இந்த முறையை வடிவமைத்தது எது தெரியுமா? அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு அமைப்பான என்எஸ்ஏ-வேதான்.

ஒரு நுணுக்கம் உண்டு. ரகசியம் சின்னதாக இருந்தால், உதாரணமாக ஒரு பெயர் மட்டும் என்றால், எதிரி உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் கைரேகை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் கைரேகை எடுக்கும் முன்பே கோப்போடு ஒரு நீண்ட தற்செயல் எண்ணைச் சேர்ப்பார்கள். இதற்கு ‘உப்பு’ என்றே பெயர். உப்புப் போட்ட கைரேகையை ஊரறிய நாளிதழில் அச்சிட்டாலும் உள்ளே இருப்பது கசியாது. சர்டி என்ற நிறுவனம் 1995 முதல் தன்னிடம் வந்த ஆவணங்களின் ஒட்டுமொத்தக் கைரேகையை நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் வெளியிட்டு வந்தது. அத்தனை பிரதிகளையும் தேடிப் பிடித்துத் திருத்த யாரால் முடியும்?

இனி செனட்டுக்கு வருவோம். 1975-இல் செனட்டர் பிராங்க் சர்ச் தலைமையிலான குழு உளவு அமைப்புகளின் அத்துமீறல்களைத் தோண்டியது, 1976-இல் செனட்டிலும் 1977-இல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன, 1978-இல் ஒட்டுக்கேட்புக்கு அனுமதி தரும் ரகசிய நீதிமன்றம் வந்தது. இந்த வரலாறு பலருக்கும் தெரியும். நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது 2009-ஐ.

அந்த ஆண்டு செனட் குழு, சிஐஏ-வின் தடுப்புக்காவல், விசாரணை முறைகள் பற்றிய ஆய்வைத் தொடங்கியது. ஆவணங்களைச் செனட் கட்டடத்துக்கு அனுப்ப சிஐஏ ஒப்பவில்லை. வடக்கு வர்ஜீனியாவில் ஓர் இடம், அங்கே தனிக் கணினி வலை, ஆய்வாளர்கள் அங்கே வந்து படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வந்து குவிந்தவை சுமார் 62 லட்சம் பக்கங்கள், பொருளடக்கமோ வரிசையோ இல்லாமல். 2010-இல் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். முன்பு பார்த்த சில ஆவணங்களைக் காணோம். பிப்ரவரியில் சுமார் 870, மே மாதம் இன்னும் 50-க்கு அருகில். கேட்டபோது முதலில் மறுப்பு, பிறகு ஒப்பந்த ஊழியர்கள்மேல் பழி, பிறகு வெள்ளை மாளிகை உத்தரவு என்றார்கள், வெள்ளை மாளிகையோ இல்லை என்றது. குழுவின் தலைவர் டயான் ஃபைன்ஸ்டைன் 2014 மார்ச் 11 அன்று செனட் அவையில் நின்று இதையெல்லாம் சொன்னார்.

யாரோ கவனித்ததால்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால் 1979-இலேயே ரால்ஃப் மெர்க்கிள் இதற்கான கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்.

கபடிப் போட்டியின் நாக்-அவுட் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். 64 அணிகள் என்றால் 6 சுற்றில் முடிந்துவிடும். மெர்க்கிள் மரமும் அதே அட்டவணைதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கைரேகை எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு கைரேகைகளை ஒட்டி வைத்து, அந்த ஜோடிக்கு ஒரு புதுக் கைரேகை எடுங்கள். இங்கே யாரும் தோற்பதில்லை, மோதும் இருவரும் கலந்து ஒருவராகி அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். 62 லட்சம் பக்கங்களுக்கு எத்தனை சுற்று? 23-தான். இரண்டை 23 முறை பெருக்கினால் 83 லட்சத்தைத் தாண்டிவிடும். கடைசியில் கோப்பையோடு நிற்பது ஒரே ஒரு கைரேகை, 64 எழுத்து. அத்தனை லட்சம் பக்கங்களும் அதில் கட்டுண்டு கிடக்கின்றன. எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் உச்சியில் இருப்பது மாறிவிடும்.

இந்தப் பக்கம் அன்றே இருந்ததுதான் என்று சிஐஏ நிரூபிக்க வேண்டுமா? மற்ற 62 லட்சத்தையும் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தையும், அது ஒவ்வொரு சுற்றிலும் சந்தித்த எதிரணியின் கைரேகையையும் தந்தால் போதும். மொத்தம் 23 கைரேகைகள், 736 பைட். குழு அவற்றை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே மேலே ஏறும். உச்சியில், முதல் நாளே வாங்கித் தன் பெட்டகத்தில் வைத்த அந்த 64 எழுத்து வந்தால் சரி.

எனக்கு அதைவிடப் பிடித்தது எதிர்த்திசைப் பயணம். ஆவணங்கள் வந்த நாளிலேயே மரம் முழுவதையும் குழு தன்னிடம் வைத்துக்கொள்கிறது, வெறும் கைரேகைகள், ரகசியம் எதுவும் அதில் இல்லை. மாதம் ஒரு முறை, கணினியில் இப்போது இருக்கும் பக்கங்களிலிருந்து மரத்தை மறுபடி கட்டுகிறார்கள். எடுத்த பக்கம் இருந்த இடம் காலியாக நிற்கிறது, அதனால் உச்சி ஒத்துப்போகவில்லை. உடனே ஒரு படி இறங்கிப் பார்க்கிறார்கள். இடப்பாதி சரி, வலப்பாதி தப்பு. வலப்பாதியில் மறுபடி இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இப்படி 23 படி இறங்கினால், காணாமல் போன பக்கத்தின் இடத்தில் விரல் வைத்துவிடலாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே, எது போனது என்று தெரிந்துவிடும். நீக்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே குழு எழுந்து நின்று இத்தனையாவது பக்கம் எங்கே என்று கேட்டிருக்கலாம்.

சரி, இது எல்லாவற்றையும் தீர்க்குமா? தீர்க்காது. கைரேகை எடுக்கும் முன்பே அழித்தால் கணிதம் கைவிரித்துவிடும். போதைமருந்து, மனக்கட்டுப்பாடு சோதனைகள் நடத்திய எம்கே-அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளை 1973-இல் அழிக்கச் சொன்னார் அன்றைய சிஐஏ இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ். கணக்கு வழக்குப் பெட்டிகளில் தப்பிக் கிடந்த சுமார் 20,000 ஆவணங்கள் 1977-இல் கிடைத்ததால்தான் செனட்டால் விரிவாக விசாரிக்க முடிந்தது. 2005-இல் விசாரணைகளின் 92 காணொளி நாடாக்கள் அழிக்கப்பட்டன. பதிவு உண்டாகும் அந்த நிமிடமே கைரேகை வெளியாளிடம் போக வேண்டும் என்று சட்டம் சொல்லாதவரை மரம் நட இடமே இல்லை.

அந்தச் சட்டம் எப்படி இருக்கலாம் என்று காட்டிய ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. எம்ஐடியைச் சேர்ந்த ஷாஃபி கோல்ட்வாசரும் கூட்டாளிகளும், மூடி முத்திரையிட்ட கண்காணிப்பு ஆணைகளுக்கு ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்கள். நீதிபதி ஆணையிடும்போதே அதன் வாக்குப்பூட்டு பொதுப் பேரேட்டில் ஏறிவிடும். விதிப்படி நடந்தது என்பதை, ஆணையைக் காட்டாமலே விசாரணை அமைப்பு நிரூபிக்கலாம். எல்லா நீதிமன்றங்களும் சேர்ந்து மொத்த எண்ணிக்கையை மட்டும், யார் எத்தனை என்று சொல்லாமல், கணக்கிடலாம். உண்மையைச் சொல்லாமலே உண்மை என்று நிரூபிக்கும் கணிதத்தை 1985-இல் தொடங்கிவைத்தவர்களில் அதே கோல்ட்வாசரும் ஒருவர். அப்போது அதற்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திருக்காது. நம் ஊர்க் கணித நிறுவனங்களுக்குப் பணம் ஒதுக்கும்போது உடனடிப் பயனைக் கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் நிலைமை இன்னும் பின்னால் நிற்கிறது. ஐபி, ரா இரண்டையும் கண்காணிக்க நாடாளுமன்றக் குழுவே இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று 2010-இல் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஹமீது அன்சாரி பேசினார், 2011-இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பேசினால் நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிடும் என்ற ஒரே வாதம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. திறக்காமலே சரிபார்க்க முடியும் என்று தெரிந்த பிறகும் அந்த வாதத்தை அப்படியே ஏற்பது மூடநம்பிக்கை என்றே நினைக்கிறேன்.

செனட் குழுவின் ஆய்வு 6,700 பக்கங்களைத் தாண்டியது. 2014 டிசம்பர் 9 அன்று சுமார் 500 பக்கச் சுருக்கம் மட்டும் வெளியானது. முழு அறிக்கை இன்னும் ரகசியம். அதன் பிரதிகளைப் பல துறைகளிடமிருந்து செனட் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு பிரதியை மட்டும் ஒபாமா தன் அதிபர் ஆவணங்களோடு சேர்த்து வைத்தார், குறைந்தது 12 ஆண்டு திறக்க முடியாது. திறக்கும் நாளில் அது 2014-இல் எழுதிய அதே அறிக்கைதானா என்று எவரும் கேட்கலாம். குழு தன்னிடம் உள்ள பிரதிக்கு உப்புப் போட்டுக் கைரேகை எடுத்து, அந்த 64 எழுத்தைச் செனட்டின் அன்றாட நடவடிக்கைக் குறிப்பில் ஒரே வரியாக அச்சிடலாம். இன்றைக்கே செய்யலாம். அறிக்கையின் ஒரு சொல்கூட வெளியே போகாது.