மூன்று மாதம் கழித்து வரும் டாலருக்கு இன்றே விலை

டாலர் ஏறினால் திருப்பூருக்குக் கொண்டாட்டம்தானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாதி சரி. 4 டாலர் டி-சர்ட்டுக்கு, டாலர் 80 ரூபாய் என்றால் 320 கிடைக்கும். 85 ஆனால் 340. ஆனால் வாங்குபவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்வார். இறக்குமதியாகும் சாயப்பொருளும் விலை ஏறிவிடும்.

பெரிய சிக்கல் வேறு. நண்பரின் பனியன் கம்பெனியில் ஒரு காஸ்டிங் ஷீட் பார்த்தேன். நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருந்தது. மூலையில் பென்சிலால் 'டாலர் 80'. அவர் கையில் இல்லாத ஒரே எண் அதுதான். விலை பேசி, தைத்து, கப்பலேற்றி, பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். 2007 தொடக்கத்தில் 44 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆண்டு முடிவதற்குள் 40-க்குக் கீழே போனது. பீஸுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் தொழில் அதை எப்படித் தாங்கும்?

இதற்குத்தான் ஃபார்வர்டு. மூன்று மாதம் கழித்து வரும் டாலரை வங்கியிடம் இன்றே விலை பேசி விற்றுவிடலாம். இன்று டாலர் 80 என்று வைத்துக்கொள்வோம். வங்கியோ 80 ரூபாய் 59 பைசா தருகிறேன் என்கிறது. டாலர் ஏறும் என்று வங்கி கணித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கணிப்பே கிடையாது, வெறும் வட்டிக் கணக்கு!

டாலர் கடனுக்கு ஆண்டு வட்டி 4%, ரூபாய்க்கு 7% என்று வைத்துக்கொள்வோம். வங்கி இன்று 99 சென்ட் கடன் வாங்குகிறது. மூன்று மாதத்தில் அது வட்டியோடு ஒரு டாலராகும். ஏற்றுமதியாளர் தரும் டாலரில் அந்தக் கடன் அடைந்துவிடும். வாங்கிய 99 சென்ட்டை இன்றே 80-க்கு மாற்றினால் சுமார் 79 ரூபாய் 21 பைசா. அதை 7% வட்டிக்குப் போட்டால் மூன்று மாதத்தில் 80 ரூபாய் 59 பைசா. நடைமுறையில் இது ஸ்வாப் (இன்று ஒரு நாணயத்தை மாற்றி, குறித்த நாளில் திருப்பி மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) வழியாக நடக்கும், வங்கி தன் கமிஷனையும் கழித்துக்கொள்ளும், அடிப்படை இதுதான். நாளைய விலையை யாருமே ஊகிக்காமல் நாளைக்கு ஒரு விலை கிடைத்துவிடுகிறது. எனக்கு இது இன்றும் வியப்பு.

புத்தாண்டு பலனில் டாலர் விலை சொல்பவரை நம்பி ஃபார்வர்டு போடாமல் விடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அப்புறம் டாலர் 85 ஆகிவிட்டால் நஷ்டம்தானே என்பார்கள். நண்பர் ஃபார்வர்டு போட்டுவிட்டார். ஷீட்டில் 80 என்று எழுதித்தான் விலை பேசியிருந்தார். மூன்று மாதம் கழித்து அந்த 80 வந்தது, கமிஷன் போக மிச்சமிருந்த பைசாக்களும் சேர்ந்து வந்தன.