டாஸ்க்பாரில் ஐகான் காணவில்லையா? கட்டளை அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "சாஃப்ட்வேர் நல்லாத்தான் ஓடுது சார், கீழே ஐகான் மட்டும் வரல." உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பில் என்றால், ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டையான டாக்கில் பல்சக்கரம் மாதிரி ஒரு பொதுப் படம் வந்து நிற்கும். கேடிஈ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பில், விண்டோக்களைத் திரையில் காட்டும் அமைப்பான வேலாண்டின் மஞ்சள் நிற டபிள்யூ எழுத்து. இதனால் வேலை எதுவும் கெடுவதில்லை. ஆனால் இதைச் சரிசெய்யப் போய் வேறு எதையாவது கெடுத்துக்கொண்டு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கோ படித்த கட்டளையை டெர்மினலில் ஒட்டி, ஹோம் ஃபோல்டரில் உள்ள '.கான்ஃபிக்' ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். குரோம் உலாவியின் புரொஃபைல் வழக்கமாக அதற்குள்தான் இருக்கும். புக்மார்க், சேமித்து வைத்த பாஸ்வேர்ட் எல்லாம் போய்விடும். ஐகான் அப்போதும் வராது. இன்னும் சிலர் அனுமதிப் பிரச்சினை என்று நினைத்து மென்பொருள்கள் நிறுவப்பட்டிருக்கும் 'யூஎஸ்ஆர்' ஃபோல்டர் முழுவதற்கும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற அனுமதி, கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் சுடோ கட்டளைக்கு இருக்கும் சிறப்பு அனுமதி அழிந்து, சுடோவே வேலை செய்யாமல் போகும். ஒரு சின்னப் படத்துக்காக இவ்வளவு இழக்கத் தேவையில்லை.

பெரும்பாலான நேரங்களில் படம் தொலைந்திருக்காது. ஓடும் விண்டோ எந்த மென்பொருளுடையது என்று டாஸ்க்பாருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் '.டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு சிறிய உரைக் கோப்பு உண்டு. பெயர் என்ன, எந்த ஐகான், எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். திறந்திருக்கும் விண்டோவும் தன் பங்குக்கு ஒரு பெயர் சொல்லும்: வேலாண்டுக்கு முந்தைய திரை அமைப்பான எக்ஸ்11இல் அது டபிள்யூஎம் கிளாஸ், வேலாண்டில் ஆப் ஐடி. இரண்டும் பொருந்தினால்தான் சரியான ஐகான் வரும். ஆதாரில் ஓர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் வேறு இனிஷியல் இருந்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. டாக்கில் பின் செய்து வைத்த ஐகான் சரியாகத் தெரிகிறது, அதைச் சொடுக்கினால் பக்கத்தில் இன்னொரு அநாமதேய ஐகான் முளைக்கிறது என்றால், சந்தேகமே வேண்டாம், பெயர்ப் பொருத்தம்தான் பிரச்சினை. ஜாவாவில் எழுதிய மென்பொருள்களிலும் ஆப்இமேஜ் கோப்புகளிலும் இதை அதிகம் பார்க்கலாம். ஆப்இமேஜ் நிறுவப்படுவதே இல்லை. ஒற்றைக் கோப்பாக அப்படியே ஓடும். ஐகான் அதன் வயிற்றுக்குள் இருக்கும், டெஸ்க்டாப் கோப்போ கணினியில் எங்கும் இருக்காது.

உபுண்டுவிலும் ஃபெடோரா என்ற லினக்ஸ் பதிப்பிலும் வரும் டெஸ்க்டாப்பான க்னோமில் விண்டோ சொல்லும் பெயரைப் பார்க்க, ஆல்ட்டும் எஃப்2வும் சேர்த்து அழுத்தி, சிறிய எழுத்தில் 'எல்ஜி' என்று தட்டி என்டர் கொடுங்கள். 'லுக்கிங் கிளாஸ்' என்ற கருவி திறக்கும். அதில் விண்டோஸ் என்ற பகுதிக்குப் போனால், திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் நேரே அதன் டபிள்யூஎம் கிளாஸ் இருக்கும். பொருத்தம் கிடைக்காத விண்டோவுக்கு ஆப் என்ற இடத்தில் 'அன்ட்ராக்ட்' என்றே எழுதியிருக்கும். எக்ஸ்11இல் எக்ஸ்பிராப் கட்டளையை ஓட்டி விண்டோவைச் சொடுக்கினாலும் போதும். இரண்டு பெயர்கள் வரும், பெரும்பாலும் இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது.

அப்புறம், 'யூஎஸ்ஆர்' ஃபோல்டரின் 'ஷேர்', 'அப்ளிகேஷன்ஸ்' என்று உள்ளே போய், அந்த மென்பொருளின் டெஸ்க்டாப் கோப்பை நகலெடுத்து, உங்கள் ஹோமில் உள்ள '.லோக்கல்', 'ஷேர்', 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டரில் போடுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். அடுத்த அப்டேட்டில் அது மாறிவிடும். ஹோமில் இருக்கும் நகலுக்குத்தான் முன்னுரிமை, சுடோவும் தேவையில்லை. நகலில் 'ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ்' என்ற வரியைச் சேர்த்து, பார்த்த பெயரை எழுத்து பிசகாமல் எழுதுங்கள். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெயர் பொருந்தியும் படம் வரவில்லை என்றால் 'ஐகான்' வரியைப் பாருங்கள். முழுப் பாதை கொடுத்திருந்தால், அந்தக் கோப்பு இன்னும் அங்கே இருக்கிறதா? டவுன்லோட்ஸில் விரித்த மென்பொருளை அங்கிருந்தே ஓட்டிவிட்டு, பிறகு ஒருநாள் அந்த ஃபோல்டரைச் சுத்தம் செய்தவர்களுக்கு இது நடக்கும். பிளாஸ்மாவில் பழைய ஐகான் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு, '.கேஷ்' ஃபோல்டரில் உள்ள ஐகான் கேஷ் கோப்பை மட்டும் நீக்கினால் அது புதிதாக உருவாகிக்கொள்ளும்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரும் டிரே ஐகான்கள் தனிக் கதை. க்னோம் 2017இல் வந்த 3.26 பதிப்பில் பழைய டிரேயை எடுத்துவிட்டது. உபுண்டுவில் அதற்கான ஆப்இண்டிகேட்டர் நீட்சி கூடவே வருகிறது; ஃபெடோராவில் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப் கோப்பில் 'எக்ஸெக்' என்ற வரியில் எழுதியிருக்கும் கட்டளை எதுவானாலும் அப்படியே ஓடும். 2025இல் இந்திய அரசு அலுவலகங்களில் புழங்கும், இந்தியாவிலேயே உருவாக்கிய லினக்ஸ் பதிப்பான பாஸ் லினக்ஸ் கணினிகளைக் குறிவைத்து, பிடிஎஃப் கடிதம் போல வேடமிட்ட டெஸ்க்டாப் கோப்புகள் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன. திறந்தால் உளவு மென்பொருள் இறங்கும். எனவே "ஐகான் சரியாகிவிடும், இதைப் போடுங்கள்" என்று யாராவது டெஸ்க்டாப் கோப்பை அனுப்பினால், சொடுக்காதீர்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து எக்ஸெக் வரியை முழுவதும் படியுங்கள். டவுன்லோட் செய்யும் கட்டளையோ, பொருள் புரியாத நீண்ட எழுத்துக் கோவையோ இருந்தால் நீக்கிவிடுங்கள்.

உங்கள் கணினியில் சரியான பிறகு, அந்த மென்பொருளின் பேக்கேஜைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு பக் ரிப்போர்ட் போடுங்கள். பேக்கேஜின் பதிப்பு எண், வேலாண்டா எக்ஸ்11ஆ, லுக்கிங் கிளாஸில் பார்த்த பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அவர்கள் ஒரு வரியில் திருத்திவிடுவார்கள், அடுத்த அப்டேட்டில் எல்லோருக்கும் ஐகான் வந்துவிடும்.